வைத்தியச் செலவில் முதற்பங்கு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் வைத்தியச் செலவும் காப்புறுதியும் என்பது. சென்ற மாதம் இதே மேடையில் பேசிய நண்பர் இலக்கியத்தைப் பற்றிப் பேசி உங்கள் உள்ளத்தைக் குளிர வைத்துவிட்டுப் போனார். இன்று நான் ரூபாய் சதக் கணக்கோடு வந்து நிற்கிறேன். கணக்கு என்றதும் பின் வரிசையில் இருவர் எழுந்து தேநீர்ப் பக்கம் போவதையும் பார்க்கிறேன். போய்வரட்டும். ஆனால் திரும்பி வரட்டும். நம் லயங்களில் அடகுக் கடைக்குப் போன நகைகளைக் கேட்டால், பாதிக்குக் குறையாதவை கல்யாணத்துக்காகப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்காகவே போனோம் என்று சொல்லும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பணிவிடை செய்பவர் என்ற நான்கு கூறுகளை உடையது என்று அதில் சொல்லி முடித்தார். பணம் கொடுப்பவன் என்று ஐந்தாவதாக ஒருவனை அவர் சேர்க்கவில்லை. அவர் காலத்தில் அதற்கு அவசியம் இருக்கவில்லை போலும். இன்றோ அந்த ஐந்தாமவன் யார் என்று தெரியாமல் மற்ற நால்வரும் ஒன்று கூடுவதே அரிதாகிவிட்டது. என்னுடைய பேச்சு முழுவதும் அந்த ஐந்தாமவனைப் பற்றியதுதான்.

நமது மலைநாட்டில் இந்த ஐந்தாமவன் யாராக இருந்தான் என்பதை முதலில் சிறிது பார்ப்போம். கோப்பிக் காலத்திலே, 1872ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டங்கள் நிறைந்த பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, வைத்தியர்களை நியமித்து, அதற்கான செலவைத் தோட்டங்களிடமிருந்தே வசூலிப்பது அதன் ஏற்பாடு. முதலில் பயிர் நிலத்தின் ஏக்கர்க் கணக்கில் வரி விதித்தார்கள். பின்னர் கப்பலேறும் விளைபொருளின் மீது தீர்வை விதித்தார்கள். 1912இல் வந்த புதிய சட்டம் இந்த முறையை வலுப்படுத்தியது. தோட்டத்திலேயே ஆஸ்பத்திரியோ டிஸ்பென்சரியோ ஒழுங்காக நடத்தும் துரைமாருக்கு அந்தத் தீர்வையில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இதைச் சற்று உற்று நோக்குங்கள். கப்பலேறிய ஒவ்வோர் இறாத்தல் தேயிலையும் நம்முடைய நோய்க்காக ஒரு சிறு தொகையைக் கட்டிவிட்டே கப்பலேறியது. காப்புறுதி என்ற பெயர் மட்டுமே அதற்கு இருக்கவில்லை. பலரும் பலவற்றிலிருந்தும் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பொதுவில் வைத்து, நோயுற்றவனுக்கு அதிலிருந்து எடுத்துச் செலவழிப்பதே காப்புறுதியின் உயிர்நாடி. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே நம் பாட்டனும் பாட்டியும் கையொப்பம் வைக்காமலே காப்புறுதிக்குக் கட்டுப்பணம் கட்டியவர்கள். அவர்களுக்கு அதற்கேற்ற வைத்தியம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பினால் இன்று இரவு பேச்சு முடியாது.

நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் வாங்கும் வழக்கம் வந்து, 1977இல் மறைந்தது. ஆனால் தோட்டங்களின் சுகாதாரம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று பிரிந்து நின்றதால், நாட்டுக்குக் கிடைத்த இலவச வைத்தியம் நமது லயத்து வாசலை வந்தடைய நெடுங்காலம் எடுத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. 1990களிலிருந்து சில தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 2017இல் டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டதை இங்குள்ள அனைவரும் அறிவீர்கள். 2016இல் தொடங்கிய 1990 என்ற இலக்கத்து அம்புலன்ஸ் சேவையும் பின்னர் நாடு முழுவதும் பரவியது. அதற்கும் கட்டணம் கிடையாது.

"அப்படியானால் எல்லாம் இலவசம்தானே? பிறகு என்ன காப்புறுதி?" என்று முன்வரிசையில் இருக்கும் ஐயா கேட்கிறார். நியாயமான கேள்வி.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியை எண்ணிக் கொள்ளுங்கள். மூன்று நாளாக நெஞ்சடைப்பும் மூச்சிளைப்பும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி துண்டு எழுதித் தருகிறார்கள். வைத்தியசாலையில் ஒரு சதமும் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே! மேற்கணக்கிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஆட்டோக் கூலி. அங்கிருந்து பஸ், நோயாளியால் நிற்க முடியாவிட்டால் வான். கூடப் போகும் மகளுக்கும் அன்று பிரட்டில் பேர் இல்லை. தாய்க்கும் பேர் இல்லை. நாட்சம்பளக்காரருக்கு வேலைக்குப் போகாத நாள் வெறும் நாள்தானே! கண்டிக்குப் போ என்றால் இரண்டு நாள், புற்றுநோய்ச் சந்தேகம் என்று மகரகமைக்குப் போ என்றால் அங்கே தங்குமிடமும் சாப்பாடும் வேறு. "இந்த இரத்தப் பரிசோதனையை வெளியிலே செய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்லும் நாட்களும் உண்டு. 2022இல் நாடு பட்ட நெருக்கடியில் மருந்துகளையே வெளியில் வாங்கச் சொன்னார்கள், அது உங்களுக்கு மறந்திராது. இந்த நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் மக்கள் தங்கள் மடியிலிருந்தே கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குகள் காட்டுகின்றன. இலவச வைத்தியம் உள்ள நாட்டிலே இந்த நிலை!

ஆகவே இலவச வைத்தியத்துக்கும் ஒரு வாசற்படி உண்டு. அந்தப் படியை நம்முடைய சொந்தக் காசைக் கொண்டுதான் ஏற வேண்டும். ஏறிய பிறகே இலவசம் தொடங்குகிறது. இதை நான் வைத்தியச் செலவின் முதற்பங்கு என்று சொல்கிறேன். காப்புறுதிக் கம்பனிகளின் பொலிசிகளிலும் இதே முதற்பங்கு வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பொலிசி எடுப்பவன், கட்டிய பணமும் போய் வைத்தியமும் கிடைக்காமல் நிற்கிறான்.

அதைச் சொல்வதற்கு முன் காப்புறுதியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டத்தில் நூறு வீடுகள் என்று வையுங்கள். ஆண்டுக்கு ஐந்து வீட்டில் பெரு நோய் வந்து, வீட்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் செலவாகிறது. எந்த ஐந்து வீடு என்று யாருக்கும் தெரியாது. ஐந்து இலட்சத்தை நூறு வீட்டுக்கும் பங்கிட்டால் வீட்டுக்கு ஐயாயிரம். இந்த ஐயாயிரமும், கம்பனியின் காரியாலயச் செலவும், ஏஜெண்டின் கமிஷனும், இலாபமும் சேர்ந்ததே கட்டுப்பணம். நம் ஊர்ச் சீட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டில் போட்ட பணம் என்றாவது ஒருநாள் நம் கைக்கு வரும். வைத்தியக் காப்புறுதியில் நோய் வராவிட்டால் பணம் வராது. "வருஷம் முழுவதும் கட்டினேன், ஒரு சதமும் திரும்பவில்லை" என்று குறைப்படுவோர் உண்டு. நோய் வராததற்காகக் குறைப்படுவது என்ன நியாயம்?

இனி அந்த ஒளிந்திருக்கும் சங்கதிக்கு வருவோம். ஆங்கிலம் படித்தவர்கள் இதை டிடக்டிபிள் என்பார்கள். வாகனக் காப்புறுதிக்காரர் எக்செஸ் என்பார்கள். நாம் கழிவுத் தொகை என்று வைத்துக்கொள்வோம். இதை விளங்கிக்கொள்ள நம்மைவிடத் தகுதி வாய்ந்தவர் யாரும் இல்லை. ஏனென்றால் சம்பளத் துண்டில் பிடிப்பு என்றால் என்னவென்று நம் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறிவார்கள். சேமலாப நிதிக்குப் பிடிப்பு, யூனியன் சந்தாவுக்குப் பிடிப்பு, திருநாள் முற்பணத்துக்குப் பிடிப்பு, கோயிலுக்குப் பிடிப்பு. இத்தனையும் போக மிஞ்சியது கைக்கு வரும். காப்புறுதிக் கம்பனியும் அப்படித்தான். நீங்கள் ஆஸ்பத்திரிப் பில்லைக் கொண்டுபோய் நீட்டியதும், அதில் முதலில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்துக்கே பொறுப்பேற்கும். பிடித்த தொகை உங்கள் தலையில். சம்பளப் பிடிப்பாவது சேமலாப நிதியாக எங்கோ ஒரு மூலையில் சேர்கிறது. இந்தப் பிடிப்பு எங்கும் சேர்வதில்லை.

கழிவுத் தொகைக்கு ஒரு தம்பியும் உண்டு. அதுதான் பங்குக் கொடுப்பனவு. கழிவு போன மிச்சத்திலும் நூற்றுக்குப் பத்தோ இருபதோ உங்களுடையது என்பார்கள். இவை எல்லாப் பொலிசியிலும் இரா. சிலவற்றில் ஒன்றிருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும். இரண்டும் இல்லாமல், அறை வாடகைக்கு இவ்வளவு, சத்திர சிகிச்சைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு கட்டிய பொலிசிகளும் உண்டு. வரம்புக்கு மேற்பட்டதும் நம் தலையில்தான் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் கடுதாசி உள்ளவர்கள் எழுதிக்கொள்ளலாம். இவை நான் விளக்கத்துக்காக அமைத்த எண்கள், எந்தக் கம்பனியின் விலையும் அல்ல. முதற் பொலிசிக்கு ஆண்டுக் கட்டுப்பணம் 24,000 ரூபாய், கழிவுத் தொகை 10,000, பங்குக் கொடுப்பனவு நூற்றுக்குப் பத்து. இரண்டாவது பொலிசிக்கு ஆண்டுக் கட்டுப்பணம் 15,000 மட்டுமே, கழிவுத் தொகை 40,000, பங்கு அதே பத்து. ஏஜெண்ட் வந்து, "இரண்டும் ஒரே பாதுகாப்புத்தான், இரண்டாவதில் வருஷம் ஒன்பதாயிரம் மிச்சம்" என்பார். நமக்கும் வாய் ஊறும்.

இப்போது வீட்டில் ஒருவருக்கு 85,000 ரூபாய்ச் செலவில் சிகிச்சை. முதற் பொலிசியில் 10,000 கழிய 75,000. அதில் பத்திலொன்று 7,500. கம்பனி தருவது 67,500, நம் கையிலிருந்து 17,500. இரண்டாவது பொலிசியில் 40,000 கழிய 45,000. அதில் பத்திலொன்று 4,500. கம்பனி தருவது 40,500, நம் கையிலிருந்து 44,500. சிகிச்சைச் செலவு 30,000 மட்டுமே என்றால் முதற் பொலிசி 18,000 தரும். இரண்டாவது பொலிசி ஒரு சதமும் தராது. தராதது மட்டுமல்ல, "உங்கள் கோரிக்கை கழிவுத் தொகைக்கு உட்பட்டது" என்று அழகான கடிதம் ஒன்றும் வரும்.

இதை ரூபாயாகப் பார்க்காமல் நாட்பேராகப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை அடிப்படை நாட்சம்பளமாக 1350 ரூபாயை நிர்ணயித்தது. கணக்குக்காக அதையே அளவுகோலாகக் கொள்வோம். சம்பளம் மாறினாலும் கணக்குப் போடும் விதம் மாறாது. முதற் பொலிசியில் நம் பங்கு 17,500 என்பது பதின்மூன்று பேர். இரண்டாவதில் 44,500 என்பது முப்பத்துமூன்று பேர். முப்பத்துமூன்று நாட்பேர் என்றால் ஒரு மாதத்தில் எடுக்க முடியாதது! மாதம் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றாலும் அடைபடாத தொகை. கட்டுப்பணத்தில் மிஞ்சிய 9,000 என்பது ஏழு பேருக்குக் கிட்ட. ஏழு நாட் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் இன்னும் இருபது நாட் சம்பளத்தை ஆபத்தில் வைக்கிறோம். கொழும்பிலே மாதச் சம்பளமும் வங்கிச் சேமிப்பும் உள்ள உத்தியோகத்தருக்கு இரண்டாவது பொலிசி புத்திசாலித்தனமாக இருக்கலாம். நாற்பதாயிரத்தை அவர் தம் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பெருஞ்செலவுக்கு மட்டும் அவருக்குத் துணை வேண்டும். நமக்கோ அந்த நாற்பதாயிரமே பெருஞ்செலவு. ஆகவே பொலிசியை ஊருக்கு ஏற்றதா என்று பார்ப்பதில் பயனில்லை, மடிக்கு ஏற்றதா என்றே பார்க்க வேண்டும்.

கம்பனிகள் ஏன் இதை வைக்கின்றன? தும்மலுக்கும் தலையிடிக்கும் கோரிக்கை வந்தால் கட்டுப்பணம் வானளவு ஏறிவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 1970களில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிலையம் 2000க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு ஒரு பெரும் பரீட்சை நடத்தியது. சிலருக்கு வைத்தியம் முழுவதும் இலவசம், மற்றவர்களுக்குச் செலவில் பங்கு. பங்கு கொடுக்க வேண்டியவர்கள் வைத்தியரிடம் குறைவாகப் போனார்கள். வேண்டாத வைத்தியத்தை மட்டும் குறைத்திருந்தால் நல்லது. அவர்களோ வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே அளவிலே குறைத்தார்கள். பலருக்கு அதனால் கேடு இல்லை. ஆனால் வறியவர்களாகவும் நோயாளிகளாகவும் இருந்தவர்களில், இலவசமாக வைத்தியம் பெற்றவர்களின் இரத்த அழுத்தமே நன்கு கட்டுக்குள் இருந்தது.

இதை அமெரிக்காவிலே போய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "சம்பளம் போட்ட பிறகு போகலாம்" என்று நம் வீட்டில் சொல்லாதவர் யார்? இருபத்தைந்தாம் திகதி வந்த நெஞ்சுவலி பத்தாம் திகதி வரையும் காத்திருக்கிறது. வாசற்படி உயரமானால் கஷ்டப்பட்டவன் கடைசியாகத்தான் ஏறுவான். ஏறும்போது நோயும் முற்றியிருக்கும், செலவும் முற்றியிருக்கும்.

கழிவை நாட்கணக்கிலும் வைப்பதுண்டு. ஜெர்மனியில் 1883இல் பிஸ்மார்க் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார். கட்டுப்பணத்தில் மூன்றில் இரு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. நோய்க் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு படி கிடைத்தது, ஆனால் முதல் சில நாட்களுக்குக் கிடையாது. இந்தியாவில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறி, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. அதிலும் நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வரை கொடுத்தாலும் முதல் இரண்டு நாட்கள் பொதுவாக அவனுடையவை. ஆலைத் தொழிலாளிக்கு அங்கே அந்த வழி பிறந்தபோது, நீலகிரியிலும் வால்பாறையிலும் நம்மைப் போலக் கொழுந்து கிள்ளியவர்களுக்கு அது வரவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்கள் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் தலையிலேயே வைத்தது. மலை ஏறியவர்களின் விதி இரு நாட்டிலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கிறது! தமிழ்நாட்டில் 2009இல் அரசாங்கமே கட்டுப்பணத்தைச் செலுத்தி ஏழைக் குடும்பங்களுக்கு உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாமவனாக அரசாங்கம் வந்து நிற்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

நம் பக்கத்தில் பெருகிவரும் ஒரு வகைப் பொலிசி, ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுக்கு இவ்வளவு ரூபாய் என்று தருவது. பெரும்பாலும் ஆயுட் காப்புறுதியோடு சேர்த்து விற்பார்கள். அரசாங்க வைத்தியசாலையில் தங்கினாலும் பணம் தருபவை உண்டு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தனியார் ஆஸ்பத்திரி அறையைக் காட்டும் பெரிய பொலிசிகளைவிட நாட்சம்பளக்காரருக்கு இந்த வகையே பொருத்தம். பில் இல்லாத ஆஸ்பத்திரியில் பில்லுக்குப் பணம் தரும் பொலிசி எதற்கு? இழந்த பேருக்கு ஈடு தருவதே நமக்குத் தேவை. ஆனால் இங்கேயும் ஒரு கண் வேண்டும். முதல் ஒன்றிரண்டு இரவுகளைக் கணக்கில் எடுக்காத பொலிசிகள் உண்டு. மூன்று நாள் படுத்து எழுந்தவருக்கு ஒரு நாட்பணம் மட்டும் வரும். அதுவும் முன் சொன்ன கழிவுத் தொகைதான், ரூபாய் வேஷத்தைக் களைந்து நாள் வேஷம் போட்டுக்கொண்டு வந்தது.

வாலிபர்களே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கே. ஏஜெண்ட் வீட்டுக்கு வருகிறார். நல்ல மனுஷர், நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். படிவத்தை அவரே நிரப்புகிறார். அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கிறது. உங்கள் தகப்பனார் காட்டிய இடத்தில் கையொப்பம் வைக்கிறார். "சீனி வியாதி உண்டா, பிரஷர் உண்டா" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். கிளினிக் கொப்பியிலோ ஏழு வருஷமாக மாத்திரை எழுதியிருக்கிறது. நோய் வந்து கோரிக்கை போனதும் கம்பனி அந்தக் கொப்பியைத்தான் முதலில் கேட்கும். உண்மையை மறைத்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிடும். சட்டமும் அதன் பக்கம் நிற்கும். ஆகவே வீட்டில் படித்த பிள்ளை இருக்கும்போது வாசிக்காத கடுதாசியில் ஒப்பம் விழக் கூடாது. கழிவுத் தொகை எவ்வளவு, அது வருஷத்துக்கு ஒரு முறையா அல்லது ஒவ்வொரு முறை படுக்கும்போதுமா, பொலிசி எடுத்து எத்தனை மாதத்துக்குப் பின் பலன், முன்னமே இருந்த நோய்க்கு உண்டா, பணத்தை நாம் முதலில் கட்டிவிட்டுப் பின் கேட்க வேண்டுமா, அம்மாவின் வயதுக்கு மேல் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை எழுத்தில் கேளுங்கள். முகம் சுளித்தால் வாசல் திறந்தே இருக்கிறது. கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் முறையிட 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பிலே இருக்கிறது. காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்ற நடுவரும் உண்டு.

புதுப் பொலிசிக்குக் கை நீட்டுமுன், ஏற்கெனவே நம் பெயரில் இருப்பதைப் பார்த்தோமா? ஊழியர் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். நம்மிடமிருந்து ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. அந்த நிதியிலே மரணத்துக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் உதவி உண்டு, இருதய சத்திர சிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றத்துக்கும், கண்ணில் வில்லை வைப்பதற்கும் உதவி உண்டு. கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குக் கண் புரை மறைத்தால் கொழுந்தும் முற்றலும் ஒன்றாகத் தெரியும். அந்தக் கண்ணுக்கு உரிய பணம் ஒரு காரியாலயத்தில் காத்திருக்கிறது, கேட்பார்தான் இல்லை. ஒரு நிபந்தனை உண்டு. பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் அம்மாவின் கணக்குக்கு மாதாமாதம் போகிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். நோய் வந்த பின் விசாரிப்பது நெருப்புப் பிடித்த பின் கிணறு தோண்டுவதற்குச் சமம்.

1958இல் வந்த சேமலாப நிதியிலும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நெடுஞ்சேவை உள்ளவர்கள் வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ சில நிபந்தனைகளோடு நூற்றுக்கு முப்பது வரை ஓய்வுக்கு முன்னரே எடுக்கலாம். இதை நான் கடைசி வழியாகவே சொல்வேன். முதுமைக்கு வைத்த கஞ்சியை இன்றைக்கே குடிப்பது அது. வேலை செய்யும்போது விபத்து என்றால் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா காப்புறுதி இடையில் நின்று 2024இல் மறுபடி வந்தது. அதைப் பற்றி அதிபரிடம் கேளுங்கள். 1978இல் அமைந்த ஜனாதிபதி நிதியத்துக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தை ஏற்கிறார்கள். வைத்தியரின் கடிதமும் செலவு மதிப்பீடும் வேண்டும். இயன்றவரை சிகிச்சைக்கு முன்பே மனுப் போடுவது நல்லது.

இவை யாவும் பெருஞ்செலவுக்கு. அந்த வாசற்படிக்கு, அதாவது ஆட்டோக் கூலிக்கும் இழந்த பேருக்கும் வெளிப் பரிசோதனைக்கும், இவற்றில் ஒன்றும் சரியாகக் கை கொடுப்பதில்லை. கம்பனிக்கு அந்தச் சில்லறை வேண்டாம், அரசாங்கத்துக்கு அது கண்ணில் படாது. அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு அது புதிதுமல்ல. பல தோட்டங்களில் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. சாவு வீட்டுக்குப் பெட்டியும் பந்தலும் தேநீரும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. எவ்வளவு ஒழுங்கு! இறந்தவனுக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்யும் நாம், அவன் உயிரோடு மூச்சுத் திணறியபோது வான் கூலிக்கு ஏழு வீட்டுக் கதவைத் தட்ட விட்டோமே, அது ஏன்?

நூறு வீடு மாதம் 200 ரூபாய் போட்டால் மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. வைத்தியசாலையில் படுக்கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய் உடனே கையில் கொடுத்தாலும் எண்பது முறை கொடுக்கலாம். எண்பதும் தேவைப்படாத ஆண்டில் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைக் கோயில் திருவிழாவுக்கு மாற்றாமல் இருந்தால் போதும். பணம் வங்கியில், இரண்டு கையொப்பம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு லயத்துச் சுவரிலே. தாமதமாகச் சேர்ந்தவர் மூன்று மாதம் கட்டிய பின்பே பெறலாம் என்று ஒரு விதி. கம்பனிக்காரரின் காத்திருப்புக் காலத்தை இந்த ஒரு விஷயத்தில் நாமும் கடன் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கழிவுத் தொகை மட்டும் வைக்காதீர்கள். இந்த நிதியே முதல் ரூபாய்க்காகத்தானே.

நம்பிக்கை நிதியின் படிவங்களையும் ஜனாதிபதி நிதியத்தின் விண்ணப்பத்தையும் காரியதரிசியின் மேசைமேல் வைத்திருக்கிறேன். அங்கத்துவ இலக்கம் தெரியாதவர்கள் வீட்டிலிருக்கும் பழைய சம்பளத் துண்டு ஒன்றை அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். தேநீருக்குப் போன இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.